மேனேஜர் மாமியாரான கதை

மெரிடித்துக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லாரும் சொல்லிக் காட்டி முடித்துவிட்டார்கள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியப் பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் ஜிரிங்கா முதியோர் இல்லத்துக்கு அவள் ஏழாவது மேனேஜர். முதல் ஆறு பேரும் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். ஒருத்தருக்கு ஈ ஒத்துக்கொள்ளவில்லை, ஒருத்தருக்குச் செம்மண் புழுதி, ஒருத்தர் வந்த விமானத்திலேயே திரும்ப ஏறிக்கொண்டார். அதனால் புதிதாக யார் வந்தாலும் நாங்கள் பெயரைக்கூட மனதில் வைத்துக்கொள்வதில்லை. மெரிடித் மட்டும் ஒட்டிக்கொண்டாள். முப்பத்து நாலு வயது, மெல்பர்னில் படித்தவள், கையில் எப்போதும் ஒரு தொடுதிரை டேப். எதைக் கேட்டாலும் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அவளுக்கு ஒரே ஆசைதான். எங்கள் இல்லத்துக்குப் 'பண்பாட்டுப் பாதுகாப்புள்ள இல்லம்' என்று ஒரு சான்று வாங்கிவிட வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் இருபத்திரண்டு கட்டங்கள். எல்லாவற்றிலும் டிக் விழுந்தால் சான்று.

வந்த மாதமே கக்கூஸ் கதவுகளில் புள்ளி ஓவியம் ஒட்டினாள். அது யாருடைய மண்ணின் கதை என்று அவளுக்கும் தெரியாது, அச்சடித்தவனுக்கும் தெரியாது. சாப்பாட்டு அறையில் காலையிலிருந்து மாலைவரை வடக்குக் கடற்கரைக்காரர்கள் ஊதும் நீளக்குழல் இசை. எங்கள் பாலைவனத்தில் அதை எவனும் ஊதியதில்லை. கிழவர்கள் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். முற்றத்தில் 'பாரம்பரிய நெருப்பு' என்று ஒன்று வந்தது. கரண்டில் எரியும் மஞ்சள் விளக்கு. அதைச் சுற்றி வேலி, வேலிக்குப் பூட்டு, பூட்டின் சாவி மெரிடித்திடம். நிஜ விறகு எரித்தால் தீயணைப்பு விதி இடிக்குமாம். ஜூலை மாதக் குளிரில் கிழவிகள் அந்த விளக்கைப் பார்த்துக் கையை நீட்டி, "ஆகா, என்ன சூடு, என்ன சூடு" என்று நடித்துச் சிரிப்பார்கள். மெரிடித் அதைப் படம் எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினாள்.

ஏழாவது கட்டத்தில்தான் வினை வந்தது. 'நிர்வாகி உள்ளூர் உறவுமுறைக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறார்' என்று எழுதியிருந்தது.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நான் இரண்டாம் அறையில் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். கையில் மூத்திரத்தில் நனைந்த விரிப்பு. மெரிடித் வாசலில் வந்து நின்றாள்.

"டெல்மா, எனக்கு ஒரு முறைப்பேரு வேணும். இன்னிக்குள்ள வேணும், செய்திமடல் அச்சுக்குப் போகுது."

"பேரு என்ன கடையில விக்கிற ரொட்டியா? பெரியவங்க பாத்துப் பழகி, கூடிப் பேசித்தான் குடுப்பாங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டு வருஷமும் ஆகலாம்."

"நாலு மணி வரைக்கும்தான் டைம் இருக்கு."

எங்கள் பூர்வகுடிக்குள் முறைப்பெயர்கள் எட்டு. பிறக்கும்போதே அதில் ஒன்றில் விழுந்துவிடுவோம். முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தாலும் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். அண்ணனா மச்சானா, மகளா மாமியாரா என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் எங்கே உட்காரலாம், யாரைக் கிண்டல் பண்ணலாம், யார் வந்தால் எழுந்து போக வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். நான் நுங்கராயி.

முந்தின நாள், ஊர்ப் பெண்கள் முகாமில் இருக்கும் கோனி எங்கள் லாண்டரியில் துணி துவைக்க வந்திருந்தாள். மெரிடித் அவளுடைய மூட்டையை ரோட்டுவரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அது ஞாபகத்துக்கு வந்தது. கோனி, நப்பனங்கா முறை. ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது எனக்கு.

"சரி, நீங்க கோனிக்குத் தங்கச்சி. நப்பனங்கா. போங்க, எனக்கு வேலை கெடக்கு."

நப்பனங்கா என்றால் எனக்கு அம்மாவைப் பெற்றவள் முறை. முப்பத்து நாலு வயதில் ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு அம்மாச்சி ஆகிவிட்டாள் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். சிரித்த நேரத்தில் நான்காம் அறையை யோசித்திருக்கலாம்.

நான்காம் அறையில் ஹெக்டர் ஜப்பல்ஜாரி இருந்தார். என் அப்பாவுக்கு அண்ணன். எங்கள் முறையில் அவரும் அப்பாதான். எண்பது வயது. மாட்டுப் பண்ணைகளில் குதிரை ஏறி வேலை பார்த்தவர், காணாமல் போனவர்களைத் தடம் பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். இடுப்பு எலும்பு முறிந்ததால்தான் இல்லத்துக்கு வந்தார், புத்தி முறிந்து அல்ல. ஜப்பல்ஜாரி முறைக்காரர் என்பதால், நப்பனங்கா பெண்கள் அத்தனை பேரும் அவருக்கு மாமியார் முறை.

மாமியாரும் மருமகனும் எங்களில் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே அறையில் இருக்கக் கூடாது. பகை கிடையாது, அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் இல்லை. கோனியும் அப்பாவும் நானூறு பேர் உள்ள இந்த ஊரில் நாற்பது வருடமாக இருக்கிறார்கள். ஒரே கடை, ஒரே கிளினிக், ஒரே கால்பந்து மைதானம். அவள் கடைக்குள் இருந்தால் அவர் மரத்தடியில் நிற்பார். அவர் வருகிறார் என்று யாராவது குரல் கொடுத்தால் அவள் போர்வையைத் தலையில் இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடுவாள். இதை அவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள். அவருக்கு இந்த ஊரில் மாமியார்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோகும் அளவுக்குச் சுத்தம். அதுதான் என் தப்பு.

திங்கட்கிழமை மெரிடித் சட்டையில் பளபளவென்று ஒரு பெயர் வில்லை. அதில் 'மெரிடித் நப்பனங்கா' என்று எழுதியிருந்தது. சாப்பாட்டு அறை நடுவில் நின்று கையைத் தட்டி எல்லாருக்கும் அறிவித்தாள். அதுவரை தினமும் அவளுக்குப் பாம்புக் கதைகள் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்த அப்பா, கையிலிருந்த கரண்டியை வைத்தார். தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனவர், திரும்ப அந்த அறைக்குள் வரவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் வாயை அடைத்தது. மூத்திர விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்திக்கு முறைப்பெயர் வைத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? இன்னும் இரண்டு மாதத்தில் இவளும் ஓடிவிடுவாள், விஷயம் தானாகத் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆறு பேர் ஓடிய ஊரில் அது தப்புக் கணக்கா?

அவள் ஓடவில்லை. எழுத ஆரம்பித்தாள். 'நான்காம் அறை: பொது உணவைத் தவிர்க்கிறார்.' 'நான்காம் அறை: கூப்பிட்டால் பதில் இல்லை.' 'நான்காம் அறை: முகத்தை மூடிக்கொள்கிறார், பின்பக்க மரத்தடியில் அலைகிறார்.' அவர் அலையவில்லை. அவள் முன்பக்கம் வந்தால் பின்பக்கம் போனார், அவள் பின்பக்கம் வந்தால் பக்கவாட்டில் போனார். முறிந்த இடுப்போடு ஒரு நாளைக்கு இருபது தடவை. அவள் பாசக்காரி வேறு. தேடித் தேடி வந்து நலம் விசாரித்தாள்.

மாமியாருக்குக் கறி அனுப்புவது மருமகன் கடமை. என் தம்பி மகன் கங்காரு அடித்துக் கொண்டு வந்தால், அப்பா வாலில் நல்ல துண்டாகப் பார்த்து என்னிடம் கொடுத்து, "அங்க சேத்துரு தாயி" என்பார். நான் கொண்டுபோய் மெரிடித்தின் மேசையில் வைப்பேன். அவள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, 'இறைச்சி பதுக்கும் பழக்கம்' என்று எழுதுவாள். நாய்கள் குப்பைத் தொட்டியைச் சுற்றித் திருவிழா கொண்டாடும்.

"சாப்ட்டாங்களா?" என்பார் அப்பா.

"வெரல நக்கி நக்கிச் சாப்ட்டாங்க."

"நல்ல மனசு" என்பார் அவர்.

ஜூலையில் டவுனிலிருந்து ஒரு டாக்டர் திரையில் வந்தார். அப்பாவுக்கு ஞாபகப் பரீட்சை. மெரிடித் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள். தைரியம் கொடுக்கிறாளாம், தோளில் கையையும் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்ற எனக்கே உடம்பெல்லாம் கூசியது. அப்பா தொப்பியை மோவாய்வரை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

"இது என்ன வருஷம், ஹெக்டர்? நாம எந்த மாடியில இருக்கோம், ஹெக்டர்?"

ஜிரிங்காவில் மாடி என்று ஒன்றே கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குத்தான் ஏணி இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். மெரிடித் உதட்டில் விரலை வைத்து 'ஷ்' என்றாள். பரீட்சை நடக்கும்போது பேசக் கூடாதாம்.

முப்பதுக்குப் பூஜ்யம். செத்தவனை உட்கார வைத்திருந்தால்கூட இரக்கப்பட்டு ஒரு மார்க் போட்டிருப்பார்கள். முற்றிய மறதி நோய் என்று முடிவானது. நானூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி டவுனில் மறதி நோயாளிகளைப் பூட்டி வைக்கும் வார்டு ஒன்று இருக்கிறது, அங்கே அனுப்ப வேண்டும் என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை வண்டி வரும். எங்கள் ஊரிலிருந்து அங்கே போனவர்கள் மூன்று பேர். செத்தவர்கள் பெயரை எங்களில் உச்சரிப்பதில்லை; அவர்களுடைய பெயர்களை நான் இப்போது வாயால் சொல்லக் கூடாது. அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றைக்கு வெட்கம் பறந்துவிட்டது. மெரிடித்தின் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பெயர், முறை, மாமியார், கறி, ஒன்று விடவில்லை. அவள் கண் விரிய விரியக் கேட்டாள்.

"டெல்மா, இது அற்புதமான விஷயம்! இதுக்குப் பயிற்சியில ஒரு பாடமே இருக்கு!" டேப்பைத் தேய்த்தாள். "இதோ, பதினாலாம் பக்கம். 'இவ்வகை உறவினரை ஒரே கூரையின் கீழ் தங்க வைக்கலாகாது.' அடடா, நாலு மாசமா அவர நான் எவ்வளவு சங்கடப்படுத்தியிருக்கேன்!"

எனக்கு மூச்சு வந்தது. "அதான் சொல்றேன். வண்டிய வேண்டாம்னு சொல்லிருங்க."

"எப்படிச் சொல்ல முடியும்? ஒரே கூரையில இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. இப்ப அவர் கண்டிப்பாப் போயாகணும்." படிவத்தைத் திறந்தாள். இடமாற்றக் காரணம் என்ற இடத்தில் 'மறதி நோய்' என்று இருந்ததை அழித்துவிட்டு, 'பண்பாட்டு மரியாதை' என்று அடித்தாள். "இப்ப சரியா இருக்கு. நோயாளியாப் போகல, மரியாதையாப் போறாரு."

"மெரிடித், அந்தப் பேர விட்டுருங்க. சட்டையில இருக்கற வில்லையக் கழட்டிப் போட்டா முடிஞ்சுது."

"என் அடையாளத்தையா விடச் சொல்ற?" அவள் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. பெயர் வைத்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அடையாளம். இந்த மண்ணில் எத்தனை தலைமுறை என்று எண்ண முடியாத மனுஷனுக்கு இந்த வீட்டில் இருக்கும் அடையாளம் 'நான்காம் அறை'. எனக்கு வந்த கோபத்துக்கு மேசையைக் கவிழ்த்திருப்பேன்; அதற்கும் ஒரு கட்டம் வைத்திருப்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

மரத்தடிக்குப் போனேன். அப்பா ஏற்கனவே ஒரு பையில் இரண்டு சட்டை எடுத்து வைத்திருந்தார்.

"போக வேண்டாம்ப்பா. முடியாதுன்னு சொல்லுங்க."

"மாமியார் போன்னு சொன்னா மருமகன் போகணும். எதுத்துப் பேச எனக்கு வாய் ஏது?"

"அது மாமியாரா? அது மெல்பர்ன்காரி!"

"பேரு குடுத்தது நம்மாளுங்கதானே? வெள்ளக்காரிக்குக் குடுத்தா முறை பொய்யாயிருமா? முறைங்கிறது சட்டையா தாயி, அழுக்கானா மாத்திக்க?" எதிரே இருந்த சிவப்புக் குன்றைப் பார்த்தார். அவர் தாத்தாவின் குன்று அது. "அங்க சன்னல் இருக்குமா?"

"இருக்கும்ப்பா."

"தொறக்க வருமா?"

அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று கழுவாத கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் பெண்கள் முகாமுக்குப் போய்க் கோனியிடம் சொன்னேன். அவளுக்கு அறுபத்தைந்து வயது, நாக்குக்கு இருபது.

"ஏண்டி, மூத்திரத் துணியும் கையுமாவா பேரு வப்ப? அதுவும் எனக்குத் தங்கச்சியா? எங்கம்மா மட்டும் இருந்திருந்தா இந்நேரம் உன் மண்டைய ஒடைச்சிருப்பா!"

"ஒடைங்க அம்மாச்சி. வியாழக்கெழமைக்குள்ள ஏதாவது செஞ்சுட்டு ஒடைங்க."

அவள் நெருப்பைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். நிஜ நெருப்பு. சுற்றிப் பதினோரு நாய்கள் படுத்திருந்தன.

"மருமகன் வாயத் தொறக்க முடியாது. நீ பேத்தி, நீ சொன்னா எடுபடாது. ஆனா அக்கா சொன்னா தங்கச்சி கேட்டுத்தான ஆகணும்?"

"அவ பதினாலாம் பக்கத்தத்தான் கேப்பா."

"மாமியாரும் ஒதுங்கணும்னு அதுல இல்லையா? மருமகன் மட்டுந்தான் ஒதுங்கணுமா?"

"அது எழுதல."

"அப்பப் பதினஞ்சாம் பக்கத்த நாம எழுதுவோம்" என்றாள் கோனி.

வியாழக்கிழமை சான்று கொடுக்கிற ஆய்வாளர் கிரகாம் வந்தார். உயரமான மனுஷன், சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் வெயில் கொப்புளம். புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வழியில் வண்டி நின்றுவிட்டதாம். அப்பாவை ஏற்றிப்போக வந்த காரும் வாசலில் நின்றது. மெரிடித் சாப்பாட்டு அறையில் எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். குழலிசை ஒலித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இன்னிக்கு நீங்க ஒரு அபூர்வமான விஷயத்தப் பாக்கப்போறீங்க, கிரகாம். ஒரு மாமியார் தன்னோட மருமகனுக்குக் காட்டுற மரியாதை. நான் நப்பனங்கா..."

"வர்றாரு! வர்றாரு!" என்று தாழ்வாரத்திலிருந்து ஒரு குரல்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் கோனியும் இன்னும் ஆறு நப்பனங்காக்களும் வாசல் வழியாகப் பாய்ந்தார்கள். ஆளுக்கொரு போர்வை தலையில். கால்பந்து அணிப் படம் போட்ட எட்டாவது கம்பளி ஒன்று மெரிடித்தின் தலையில் விழுந்தது.

"வெக்கங்கெட்டவளே, மருமகன் வர்ற வழியில நிக்கிறியே! குனி!"

"கோனி! நான் பேசிட்டு இருக்கேன்!"

"பேசாதடி, அவரு காதுல விழுந்தா நம்ம மானம் போயிரும்!"

அள்ளிக்கொண்டு போனார்கள். லாண்டரிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கிரகாம் எழுந்து நின்றார்.

"இது... வழக்கமா நடக்கறதா?"

"வீட்டுக்கு மாமியார் வந்தா நடக்காம இருக்குமா?" என்றேன்.

அப்பா பையை நடைவண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு, தொப்பி முகத்தை மறைக்க, மெல்ல வந்தார். உள்ளேயிருந்து, "பதினாலாம் பக்கம்! கிரகாம், பதினாலாம் பக்கம் பாருங்க!" என்று சத்தம். அப்பா உடனே சுவர்ப்பக்கம் திரும்பினார். லாண்டரியில் யாரோ வாஷிங் மெஷினைப் போட்டார்கள். கடகடவென்ற சத்தத்தில் மெரிடித் அடங்கிப்போனாள்.

"அப்பா, இங்க இப்ப யாரும் இல்ல. இந்த மனுஷனுக்கு ஏதோ கேக்கணுமாம்."

அப்பா தொப்பியை மேலே தள்ளினார். நான்கு மாதம் கழித்து அந்த அறை அவர் முகத்தைப் பார்த்தது. கிரகாம் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பேச வராதுன்னு போட்டிருக்கே. ஐயா, இன்னிக்கு என்ன கெழமை தெரியுமா?"

"வியாழன். நேத்து வரேன்னு சொல்லிட்டு இன்னிக்கு வந்திருக்கீங்க. உங்க வண்டியில பின்னாடி எடது டயர்ல காத்து கம்மி. மண்ணுல தடம் அகலமா விழுந்திருக்கு. திரும்பிப் போறதுக்குள்ள மறுபடியும் நிப்பீங்க."

கிரகாம் சன்னல் வழியாக எட்டித் தன் வண்டியைப் பார்த்தார். "டாக்டர் கேட்டப்ப ஏன் பதில் சொல்லல?"

"மாமியார் தோள் மேல கையப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தா நீங்க பேசுவீங்களா?"

கிரகாம் பேனாவைத் தாளின்மேல் வைத்தார். "மாட்டேன்" என்றார், மெதுவாக. அவர் வீட்டு மாமியார் எப்படிப்பட்டவளோ, முகம் வாடிவிட்டது.

"உங்களுக்கு டவுனுக்குப் போக இஷ்டமா?"

"மாமியார் போகச் சொன்னாங்க. என் இஷ்டத்த யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன்."

அப்பா குன்று இருக்கும் திசையைக் கையால் காட்டினார். மாமியார் வார்த்தையை மீறி அதற்குமேல் அவரால் சொல்ல முடியாது.

நான் கிரகாமை லாண்டரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோனி துணிக்கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். மெரிடித் கவிழ்த்த வாளிமேல், கம்பளிக்குள். தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"ரெண்டு பேரும் ஒரே கூரையில இருக்கக் கூடாதுன்னு இங்க இருக்கு" என்றார் கிரகாம். "உங்க வழக்கப்படி யாரு போகணும்?"

"மண்ணு யாரோடதோ அவரு இருப்பாரு" என்றாள் கோனி. "மத்தவங்க சுத்திப் போகணும். நான் நாப்பது வருஷமாச் சுத்தித்தான் போறேன், தேஞ்சா போயிட்டேன்? தங்கச்சியும் பழகிக்கட்டும். எங்க முகாம்ல என் பக்கத்துல அவளுக்குப் படுக்கை விரிச்சாச்சு. ஆபீசையும் அங்கயே கொண்டு வரட்டும். நாய் பதினொன்னு இருக்கு, குளுருக்கு எதமா இருக்கும்."

"வேற வழி?"

"பேரத் திருப்பிக் குடுத்துரட்டும். குடுத்தவங்க நாங்க, பெரியவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். அவளும் இங்கயே இருக்கலாம், அவரும் இங்கயே இருக்கலாம். ஒருத்தரும் எங்கயும் போக வேண்டாம்."

இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. எல்லாரும் மெரிடித்தைப் பார்த்தோம். அவள் கிரகாமின் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். ஏழாவது கட்டத்தில் டிக் இருந்தது. அழகான நீல டிக். வாஷிங் மெஷின் சுற்றி நின்றது.

"பேர விட முடியாது" என்றாள் கம்பளியை விலக்கிக்கொண்டு. "உறவுமுறைய மதிச்சு, நானே டவுனுக்குப் போயிடறேன். அங்க இருந்தே திரையில நிர்வாகம் பண்றேன்."

"முன்மாதிரியான நடைமுறை" என்று கிரகாம் எழுதிக்கொண்டார்.

வாசலில் நின்ற காருக்கு ஆள் வேண்டும், காகிதத்தில் 'ஒரு பயணி, பண்பாட்டுக் காரணம்' என்று இருந்தது. டிரைவருக்கு வேறென்ன கவலை? மெரிடித் டேப்பும் கையுமாகப் பின்சீட்டில் ஏறினாள். கோனி சன்னல் வழியாகக் கால்பந்துக் கம்பளியைத் திணித்தாள். "போர்த்திக்கடி, தங்கச்சி. அங்க குளுரும்." அதில் கிண்டல் இல்லை. முறை வைத்த பிறகு தங்கச்சி தங்கச்சிதான்.

சான்று அடுத்த மாதமே வந்துவிட்டது. கூடவே ஒரு அறிக்கை. நிர்வாகியின் ஆழ்ந்த பண்பாட்டுப் புரிதலால் முற்றிய மறதி நோயாளி ஒருவருக்குப் பேச்சும் பசியும் திரும்பியதாக அதில் இரண்டு பத்தி. நான் அதைச் சமையலறையில் உரக்க வாசித்தேன். கிழவிகள் சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் பல்செட் கழன்று விழுந்தது.

அதற்கு முன், மெரிடித் போன மறுநாள் காலையில், அப்பா சாப்பாட்டு அறைக்கு வந்தார். குழலிசையை நிறுத்தச் சொன்னார். குன்று தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்து, டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போடச் சொன்னார். நான் எதிரே போய் நின்றேன்.

"அப்பா, அந்தப் பேர வச்சது நான்தான். யோசிக்காம வச்சுட்டேன். உங்கள நாலு மாசம் மரத்தடியில ஒக்கார வச்சுட்டேன்."

"தெரியும்" என்றார். "ஊருக்கே தெரியும்."

"கோவம் இல்லையா?"

அவர் டீயை ஆற்றிக் குடித்தார். "எதுக்குக் கோவம்? நீ யோசிக்காம வச்சாலும் சரியாத்தான் வச்சிருக்க. எனக்கு எத்தனையோ மாமியாருங்க தாயி. எல்லாரும் பேரு, முறையெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறந்தான் ஒதுங்க ஆரம்பிப்பாங்க. அப்பவும் எப்பயாவது தப்பித்தவறி ஒரு பார்வ பட்டுரும். இவங்க அப்படி இல்ல. பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே, வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. கண்ணு எப்பவும் அந்த டேப்புலதான். ஊருக்குப் போற வரைக்கும் என் மூஞ்சிய ஒரு தடவகூட நிமிந்து பாக்கல."